ஊதுபத்தி அணையும்வரை ஓடிய வண்டி

என் மகன் வாசலில் குந்திக்கொண்டு பைக்கின் சைலன்சர் பைப்பைத் தேய்க்கிறான். கையில் ஒரு ட்யூப். பக்கத்தில் போன். போனுக்குள் ஒருவன் தேய்க்கிறான், அவனைப் பார்த்து இவன் தேய்க்கிறான். இன்ஜினிலிருந்து பைப் வளைந்து இறங்கும் இடத்தில் நீலம் பூத்துவிட்டதாம். அது போக வேண்டுமாம்.

"சூட்டுல வந்த கலருடா அது. எடுத்தாலும் திரும்ப வரும்" என்றேன்.

"உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றான்.

எனக்கு இன்னா தெரியுமாம். என் வயசுக்காரிகளே, இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் மாப்பிள்ளைக்கு வண்டி கொடுத்திருப்பார்கள். அந்த வண்டியோடு வந்த பேஜாரெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒரு ஆடி மாதம் முழுக்க நான் அந்த நீலத்தோடு மாரடித்தேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டி எங்கள் ஊர். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு சைக்கிள். வீட்டில் நைனா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்குச் செய்யாறு பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, எல்லாம் பெரியப்பாதான். வண்டி கேட்டது அவர்தான். ஷோரூமிலிருந்து புதுசாக எடுக்க வேண்டும், மாப்பிள்ளைதான் முதலில் ஏறி உட்கார வேண்டும் என்றார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தம். ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது. அதனால் நைனா ஆனி முடிவதற்குள் எடுத்துவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். என் தாய்மாமனுக்கு ஓட்டத் தெரியும். மாப்பிள்ளைக்கு முன்னால் இன்னொருவன் உட்காரக் கூடாது என்று நைனா டிராக்டரில் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஏற்றிக்கொண்டு வந்தார். தாய்மாமன் வண்டியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது அவருக்கு இடுப்பு நிமிரவில்லை.

"ஓட்டற வண்டிய தூக்கிக்கினு வந்த ஆளு நீ ஒருத்தன்தான் மாமா" என்றார் நைனாவிடம்.

"நீ மூடிக்கினு எறங்கு" என்றார் நைனா.

வண்டியை வெளியே நிறுத்தினால் வெயில், தூசு, கண்ணேறு. அதனால் கூடத்துக்குள் வந்தது. கூடத்தில் இருந்த நெல் மூட்டைகள் வெளியே போயின. ஒரு நாள் சாயங்காலம் மழை அடித்தது. நெல் நனைந்து, மூட்டைக்குள்ளேயே முளை கட்டியது. வண்டிமேல் ஒரு சொட்டு படவில்லை. நைனாவுக்கு அதில் பரம சந்தோஷம்.

"பாத்தியா? நான் சொல்லல? வெளிய வெச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நெல்லு ஆன மாதிரி ஆயிருக்கும்" என்றாள் அம்மா.

நாங்கள் வண்டியைச் சுற்றிப் படுத்தோம். புரண்டு படுத்தால் முழங்கால் டயரில் இடிக்கும். புது ரப்பர் வாசனை, பெட்ரோல் வாசனை. சோற்றிலும் அதே வாசனை. டாங்க்கில் முகம் பார்க்கலாம், ஆனால் தொடக் கூடாது. அம்மாவின் வாயல் புடவை ஒன்றை எடுத்து நைனா வண்டிக்குப் போர்த்தினார். மஞ்சளில் பச்சைப் பூப் போட்டது. அம்மா இன்னும் ஒரு வருசம் கட்டியிருக்கலாம். கிரீஸ் பட்டுப் பாழானது. அவளுக்கு இருந்ததே கொஞ்சம் புடவைதான்.

ஷோரூம்காரர் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தார். "சும்மாவே நிக்க வெக்காதீங்க. அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி விடுங்க." எவ்வளவு நேரம் என்று அவரும் சொல்லவில்லை, நைனாவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தானே ஒரு கணக்கு வைத்தார்.

காலையில் குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகுவார். ஊதுபத்தி கொளுத்தியதும் ஸ்டார்ட். ஊதுபத்தி அணைந்தால் ஆஃப். அதுவும் மளிகைக் கடைப் பத்தி இல்லை. திருப்புலிவனம் கோயில் வாசலில் வாங்கிய நீளப் பத்தி, சீக்கிரம் அணையாது. மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காரக் கூடாதே, அதனால் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு காலால் உதைப்பார். பிடித்துக்கொண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஸ்டாண்டில் நின்ற வண்டி கூடத்துக்குள் கத்திக்கொண்டே இருக்கும். புகை கொல்லைப்பக்கம் போகாமல் அடுப்படிக்குப் போகும். அம்மா இருமிக்கொண்டே கூழ் கிண்டுவாள்.

ஒரு நாளாவது கொஞ்சம் முன்னால் நிறுத்தியிருப்பாரா? மாட்டார். சாமி காரியத்தைப் பாதியில் நிறுத்தலாமா?

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் பைப்பில் நிறம் வந்தது. முதலில் டீ டிகாக்ஷன் மாதிரி. பிறகு கத்தரிப்பூ. பிறகு மயில் கழுத்து நீலம். எனக்கு அழகாகத்தான் இருந்தது. நைனாவும் முதலில் கண்டுகொள்ளவில்லை.

கல்யாணத் தரகர் வந்ததுதான் வினை. மாரியம்மன் கூழ் குடிக்க வந்தவர், புடவையைத் தூக்கி வண்டியைப் பார்த்தார்.

"இன்னாபா இது? பைப்பு நீலம் பூத்துக்கீது?"

"எங்க?" என்றார் நைனா.

"தோ, இங்க. புது வண்டின்னா பைப்பு வெள்ளி மாதிரி இல்ல மின்னணும்? உன் தலையில எவனாவது பழச பாலிஷ் போட்டுக் கட்டிட்டானா?"

"நான் ஷோரூம்ல எடுத்தேன்யா."

"நீ சொல்ற, நான் நம்பறேன். மாப்ள பெரியப்பா நம்பணுமே. அந்த ஆளு கண்ணு கழுகுக் கண்ணு." கூழைக் குடித்து முடித்தார். "நான் வாயத் தெறக்க மாட்டேன்பா."

வாய் திறக்க மாட்டேன் என்று தரகர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

நைனா அன்றைக்கு நாஷ்டா சாப்பிடவில்லை. காரணம் இருந்தது. முந்தின வருசம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். போட்ட நகை மட்டம் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் விடிவதற்குள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு தண்ணீருக்குக்கூட வெளியே வரவில்லை. அவள் அம்மாதான் குடம் எடுத்துக்கொண்டு வருவாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து. எங்கள் அக்காவுக்கும் அப்படி ஆகிவிடும் என்று நைனா பயந்தார். அம்மாவும் பயந்தாள். அந்தப் பயம்தான் எங்கள் கையில் துணியைக் கொடுத்தது.

அம்மா புளி வைத்துத் தேய்த்தாள். சாம்பல் வைத்துத் தேய்த்தாள். எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து நான் தேய்த்தேன். விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. செங்கல் பொடி, பல்பொடி, மண்ணெண்ணெய். குந்திக் குந்தி முழங்கால் பிடித்துக்கொண்டது. எங்கள் பித்தளைக் குடம் ஜென்மத்தில் அப்படி ஒரு தேய்ப்பைக் கண்டதில்லை. சாயங்காலத்துக்குள் நீலம் கொஞ்சம் மங்கும்.

காலையில் நைனா ஊதுபத்தி கொளுத்துவார்.

அணையும்போது நீலம் பழையபடி பூத்திருக்கும்.

"இன்னாடி தேய்ச்சிங்க? ஒயுங்கா தேய்க்கறதில்ல" என்பார்.

அக்காதான் முதலில் சொன்னாள். அவள் கல்யாணப் பெண், அவளைத் தேய்க்க விடவில்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்ததால்தான் புரிந்தது.

"நைனா, ஸ்டார்ட் பண்றதாலதான் வருது. காலைல பாரு, பத்தி கொளுத்தும்போது இல்ல. அணையும்போது கீது. சூட்டுல வருது. ரெண்டு நாள் ஸ்டார்ட் பண்ணாம விட்டுப் பாரு."

"விட்டா இன்ஜின் கெட்டுப் போவும். ஷோரூம்காரன் சொல்லிக்கிறான்."

"அப்பப்பன்னுதான சொன்னாரு? ஒரு முழ ஊதுபத்தி கொளுத்திவெச்சுப் பண்ணச் சொன்னாரா?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருடீ. மெக்கானிக் மாதிரிப் பேசாத."

அம்மாவும் சொன்னாள். நானும் சொல்லி ஓர் அறை வாங்கினேன். அந்த வீட்டில் நைனாவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாததால் அது யாருக்கும் தெரியாத மாதிரியே நடந்தது.

நைனா என்னை சைக்கிளில் வைத்து உத்திரமேரூர் பஜாருக்குக் கூட்டிப் போனார். அங்கே பாய் கடை. ஆணி முதல் கயிறு வரை எல்லாம் இருக்கும்.

"பாய், பாலிஷ் டப்பா ஒண்ணு கொடு."

"கோயில் குத்துவெளக்கா?"

"வண்டிக்கு."

"வண்டி இன்னா பித்தளையிலயா பண்ணிக்கிறான்?"

"பைப்பு நீலம் பூத்துக்கீது பாய்."

பாய் கடைக்கு வெளியே கையைக் காட்டினார். அவருடைய வண்டி நின்றது. பைப் முழுக்க நீலம். மேலே சேறு. "என்துந்தான் பூத்துக்கீது. எவன் பாக்கறான்?" என்றார்.

நைனா அந்த வண்டியைப் பார்த்தார். "உன்து பழசு பாய்" என்றார். டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கேரியரில் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்பட்டதால் அடித்துக்கொள்ளவில்லை.

டப்பா பாலிஷும் ஒரு ராத்திரிதான் மின்னியது, காலை ஊதுபத்திக்கு அப்புறம் கறுத்தது. கடைசியில் தாய்மாமன் உப்புத்தாள் கொண்டுவந்தார். "இதுல போவாத கறை கெடையாது" என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். உண்மைதான், நீலம் போனது. கூடவே பளபளப்பும் போனது. உள்ளங்கை அகலத்துக்குப் பைப் வெளிறி, கீறல் கீறலாக, அலுமினியக் குண்டானின் அடி மாதிரி ஆனது.

நைனா வந்து பார்த்தார். தாய்மாமன் சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகப் போய்விட்டார்.

அந்த வெளிறிய இடம் இன்னும் சுலபமாகக் கறுத்தது. ஊதுபத்தி பாதி எரிவதற்குள் நீலம் வந்துவிடும். அப்போதும் அவர் நிறுத்தவில்லை. எங்களைத்தான் தேய்க்கச் சொன்னார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் நானும் அம்மாவும் கடைசியாக ஒரு முறை தேய்த்தோம். நீலம் இல்லை, கீறல் இருந்தது.

"கீறல் தெரியுதே" என்றாள் அம்மா.

"மாலை போட்டு மறைச்சிடலாம்" என்றார் நைனா.

சைலன்சருக்கு மாலை போட்ட வண்டியை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஹாண்டில்பாருக்கு ஒன்று, பைப்புக்கு ஒன்று. சாமந்தி.

வாசல் பந்தலில் வண்டி நின்றது. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மேளம் வாசித்தார்கள். மாப்பிள்ளை பெரியப்பா நேராக வண்டியிடம் வந்தார். பன்னீர் வாங்கவில்லை, சந்தனம் வாங்கவில்லை. குனிந்து பைப் மாலையை ஒரு விரலால் தூக்கினார்.

"இன்னா சம்பந்தி இது?"

நைனா மாலையைத் திரும்ப இறக்கிவிடப் போனார்.

"நீலம்னு சொன்னாங்க. நீலத்தக் காணோம். தேய்ச்சிக்கிறீங்க. புது வண்டிய எவன்யா தேய்ப்பான்? பழசத்தான் தேய்ப்பான்."

"இல்ல சம்பந்தி. புதுசுதான். சூட்டுல..."

"சூட்டுலயா? ஓடாத வண்டிக்கு ஏதுய்யா சூடு?"

 வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்தியைப் பற்றி அந்தச் சபையில் எப்படிச் சொல்வார்?

தரகரைத் தேடினோம். அவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார், முதல் வரிசையில்.

பெரியப்பா நிமிர்ந்து நின்று எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார். "இந்தப் பழைய வண்டி எங்களுக்கு வேணாம். நீங்களே வெச்சுக்குங்க. காலைல தாலி கட்றதா, வேணாமான்னு நாங்க பேசிட்டுச் சொல்றோம்."

மேளக்காரர் அடித்துக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெருப் பெண்ணின் அம்மாவும் பந்தலில்தான் இருந்தாள். அவள் தலை குனிந்துகொண்டாள். 

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். ஜடை பாதிதான் பின்னியிருந்தது. பூ வைத்துக்கொண்டிருந்தவள் பின்னாலேயே நூலைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணி விடுங்க" என்றாள் அக்கா. "எல்லாரும் நின்னு பாருங்க. இப்ப வெள்ளையா கீதே, கண்ணு முன்னாடியே நீலம் ஆவும். ஆவலன்னா பழசுன்னு நானே ஒத்துக்கறேன்."

"நீ உள்ள போடீ" என்றார் நைனா. அதோடு விடவில்லை. "மாப்ள உக்காராம வண்டிய எப்படி..." என்று ஆரம்பித்தார். கல்யாணமே நிற்கப் போகிறது, அவருக்கு யார் முதலில் உட்காருவது என்ற கவலை.

அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். "அப்ப நீங்களே உக்காந்து ஒதைங்க."

மாப்பிள்ளை பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா பந்தல் கூரையைப் பார்த்தார்.  மாப்பிள்ளை செருப்பைச் சரி செய்துகொண்டு, ஏறி உட்கார்ந்து உதைத்தார். மறு உதையில் பிடித்துக்கொண்டது.

சபையே வண்டியைச் சுற்றி நின்றது. புகை பந்தலுக்குள் சுழன்றது. கிழவர்கள் இருமினார்கள். பட்டுப்புடவைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன. நைனா அந்த நேரத்திலும் எங்கிருந்தோ ஓர் ஊதுபத்தியைக் கொண்டுவந்து கொளுத்தினார். யாராவது அவரை ஏதாவது சொல்ல முடியுமா?

"யாராவது அந்த மாலைய எடுங்கப்பா, கருகுது" என்றது ஒரு குரல். நான் எடுத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா கண்ணை எடுக்காமல் நின்றாள். அவள் கழுத்தில் வேர்வை இறங்கியது. பெரியப்பா, "இன்னா, நீலத்துக்கு லெட்டர் போட்டுக்கிறீங்களா?" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

அப்புறம் வெளிறிய இடத்தின் ஓரத்தில் வைக்கோல் நிறம் வந்தது. அது பரவியது. பழுப்பானது. கத்தரிப்பூ ஆனது. சிறுபிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள். "தோ! தோ நீலம்!" மயில் கழுத்து மாதிரி வளைவு முழுக்கப் பூத்தது. தேய்க்க ஆரம்பித்த பிறகு அது எனக்குப் பிடித்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பெரியப்பா நம்பவில்லை. "சாயம் கீயம் தடவிக்கிறாங்களா?" என்று குனிந்து விரலால் தொட்டார்.

ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் சைலன்சர். தொட்டார்.

அவர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை வண்டியை ஆஃப் பண்ணிவிட்டார். அம்மாதான் ஓடிப்போய் மோர் கொண்டுவந்தாள். பெரியப்பா மோர் டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றார்.

"சரி சரி" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "புதுசுதான். ஆவட்டும். காலைல முகூர்த்தம் முடிஞ்சதும் வேனுக்குப் பின்னாடியே ஓட்டிக்கினு வரச் சொல்றேன்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நைனாவுக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

"வேணாம்னீங்களே மாமா" என்றாள் அக்கா.

"இன்னாமா?"

"பழச நீங்களே வெச்சுக்குங்கன்னு சொன்னீங்க. சபையில சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க. வண்டி புதுசோ பழசோ, சபையில சொன்னது சொன்னதுதான? வண்டி இங்கயே இருக்கட்டும் மாமா. நான் மட்டும் வரேன். வேணுமா வேணாமான்னு சொல்லுங்க."

 பெரியப்பா விரலை மோரிலிருந்து எடுத்தார். எடுத்ததும் எரிந்தது, திரும்ப உள்ளே விட்டுக்கொண்டார். நைனா அக்காவை அடிக்கப் போகிற மாதிரி ஓர் அடி எடுத்து வைத்தார்.

மாப்பிள்ளை இன்னும் வண்டிமேல்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கினார். பெண் பார்த்த நாளிலிருந்து அவர் குரலை நாங்கள் சரியாகக் கேட்டதில்லை.

"இருக்கட்டும் பெரியப்பா" என்றார். "எனக்கு பஸ்ஸே போதும். இத்த வெச்சுக்கினு தெனம் யாரு தேய்க்கறது?"

கிழவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அதோடு எல்லாரும் சிரித்தார்கள். மேளக்காரர் தானாகவே ஆரம்பித்தார்.

காலையில் தாலி ஏறியது. அவர்கள் வேனில் போனார்கள். பெரியப்பா அக்காவோடு ரொம்ப நாள் பேசவில்லை. அக்காவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

நைனாவுக்குச் சந்தோஷமா என்று கேட்காதீர்கள். கோபம். "சபையில வாயத் தொறந்துட்டாளே, என் மானமே போச்சு" என்று இரண்டு நாள் குமைந்தார். போகவிருந்த மானத்தைக் காப்பாற்றியவளே அவள்தான் என்று அவரிடம் யார் சொல்வது? அந்த இரண்டு நாளும் வண்டி பந்தலிலேயே நின்றது. நீலமாகவே நின்றது. ஊதுபத்தி கொளுத்தவில்லை. சாயங்காலமானால் வந்து சீட்டை உள்ளங்கையால் துடைப்பார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பார். உட்கார மாட்டார்.

இப்போது எனக்கு அவர் வயசு ஆகிவிட்டது. இப்போதுதான் தெரிகிறது, அந்த மனுசனுக்கு அந்த வண்டிமேல் ஆசை. சைக்கிளைத் தவிர எதிலும் ஏறாத ஆள். ஊரான் பிள்ளைக்கென்று வாங்கியதில் தான் உட்காரக் கூடாது. பக்கத்தில் நின்று சத்தம் கேட்கலாம். ஊதுபத்தி அணையும்வரை கேட்கலாம். நாங்கள் பயம் என்று நினைத்தோம், பக்தி என்று நினைத்தோம், முட்டாள்தனம் என்று நினைத்தோம். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எங்கள் கை இத்தனை எரிந்திருக்காது.

தாய்மாமன்தான் அவரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். ஏரிக்கரையில் கற்றுக்கொடுத்தார். நைனா மாட்டை அதட்டுகிற மாதிரி கிளட்சை அதட்டினார். இரண்டு முறை கருவேல முள்ளில் விழுந்தார். முட்டியில் துணி கட்டிக்கொண்டு மறுபடியும் போனார்.

ஒரு காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "வா, பஜாருக்குப் போலாம்" என்றார் அம்மாவிடம்.

"எனக்கு வேல கீது."

"வான்னு சொல்றேன்ல."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஏறும்போதே ஆரம்பித்தாள். "தோ பாருய்யா, மெதுவா போவணும். இந்தப் பைப்புக் கிட்ட காலு படுது பாரு. ஒரு மாசம், ஒரு மாசம் என்னைத் தேய்க்க வெச்சியே, பாவி மனுசா. என் புடவ போச்சு. நெல்லு முளைச்சுப் போச்சு. பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு, நீ கேட்டியா..."

 நைனா கியர் போட்டார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. தெரு திரும்பியும் அம்மா நிறுத்தவில்லை. ஏரிக்கரை வரைக்கும் அவள் குரல்தான் கேட்டது, வண்டிச் சத்தம் கேட்கவில்லை.